மாஸ்டர் விட்டுச்சென்ற கொப்பிகள்

எமக்கு வரலாறு படிப்பித்தவரும் கரப்பந்தாட்டம் பழக்கியவருமான மாஸ்டர் அண்மையில் தமது எண்பத்திரண்டாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே, வயல்வெளியை அடுத்துள்ள சிறிய சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தோம். வவுனியா, கிளிநொச்சி, புத்தளம் என்று பல இடங்களிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். ஒருகாலத்தில் அவரிடம் பந்து பொறுக்கிய பையன்கள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள்.

பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பது குடும்பத்தாரின் விருப்பம். அவரை அறிந்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை. அறியாதவர்கள் தத்தம் ஊர் ஆசிரியர் ஒருவரை மனதில் வைத்து இதனை வாசிக்கலாம். அப்படிப்பட்ட ஒருவர் எம்மில் அநேகருக்கு இருந்திருப்பார்.

அடக்கம் முடிந்து மரநிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மாஸ்டருடைய பெயரில் என்ன செய்யலாம் என்ற பேச்சு எழுந்தது. பாடசாலை வாசலில் சிலை வைப்போம் என்றார் ஒருவர். ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி நடத்திக் கேடயம் கொடுப்போம் என்றார் இன்னொருவர். நினைவு மலர் அச்சிடுவோம் என்றார் மற்றொருவர். இவை யாவும் நல்ல மனத்துடன் சொல்லப்பட்டவையே. ஆயினும் மாஸ்டர் எமக்குக் கற்றுத்தந்தவற்றை எண்ணிப் பார்க்கையில், நாம் செய்ய வேண்டியது வேறொன்று என்று எமக்குத் தோன்றுகின்றது. அதனை இங்கே எழுதுகிறோம்.

குளத்தைக் கட்டியது யார்?

1989ஆம் ஆண்டு நாம் ஆறாம் வகுப்பில் இருந்தோம். அந்நாளில் பாடத்தின் பெயர் ‘சமூகக்கல்வியும் வரலாறும்’. மன்னர்களின் பெயரையும் அவர்கள் கட்டிய குளங்களையும் வரிசையாகப் பாடமாக்குவதே வரலாறு என்று நினைத்திருந்தோம். ஒருநாள் மாஸ்டர் கேட்டார்: “கட்டுக்கரைக்குளத்தைக் கட்டினது ஆர்?” இரண்டு மூன்று பேர் கையை உயர்த்தி மன்னர்களின் பெயரைச் சொன்னோம்.

“சரி, ராசா கட்டுவிச்சார். மண் சுமந்தது ஆர்? கட்டு உடைஞ்சபோது அடைச்சது ஆர்? உன்ர அப்பா வயலுக்குத் தண்ணி திறக்கிற துலுசுக்கு என்ன பெயர்?”

எவருக்கும் பதில் தெரியவில்லை. அக்குளத்துத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்த நாங்கள்தான் அன்று தலைகுனிந்து நின்றோம்.

பிறகு அவர் விளக்கினார். அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து, நெடுந்தூரம் வாய்க்கால் வெட்டி, தண்ணீரைக் கட்டுக்கரைக்குளத்துக்குக் கொண்டுவந்தார்கள் பண்டைய மக்கள். பின்னர் பல நூற்றாண்டுகள் அது பாழடைந்து கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய அரசு அதனைத் திருத்தியது. அந்த நூற்றாண்டிலே, 1832இல், இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் நாடெங்கும் ஒழிக்கப்பட்டது. கட்டாயம் ஒழிந்தது நல்லதே. ஆனால் வாய்க்கால் துப்புரவாக்கவும் குளக்கட்டைப் பேணவும் ஊரைக் கூட்டும் முறையும் பல இடங்களில் அதனோடு குலைந்தது. குளங்கள் மேலும் தூர்ந்தன. அதன்பின்பு 1856இல் நீர்ப்பாசனச் சட்டமொன்றைக் கொண்டுவந்து, பழைய ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் வலுவூட்ட வேண்டியிருந்தது.

“சவுக்கு இல்லாமல் சனம் சேர்ந்து வேலை செய்யுமா? இதுதான் கேள்வி” என்று சொல்லி நிறுத்தினார். விடையை மாலையில் மைதானத்தில் காட்டுவதாகச் சொன்னார்.

ஆறு பேரும் முறையும்

கரப்பந்தாட்டம் 1991இல் எமது நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே எமது ஊர்களில் அது வேரூன்றியிருந்தது. இரண்டு கம்பமும் ஒரு வலையும் ஒரு பந்தும் போதும். ஏழைப் பாடசாலைக்கு ஏற்ற விளையாட்டு.

ஓர் அணியில் ஆறு பேர். பந்தை மூன்று தொடுகைக்குள் மறுபக்கம் அனுப்ப வேண்டும். ஒருவரே அடுத்தடுத்து இருமுறை தொட முடியாது. எனவே எவ்வளவு கெட்டிக்காரனும் தனியாக விளையாட இயலாது. எதிரணியிடமிருந்து சேர்விஸ் எம்மிடம் வரும்போது ஒவ்வொருவரும் ஓரிடம் நகர வேண்டும். முன்வரிசையில் நின்று அடித்தவன் பின்வரிசைக்குப் போவான். பின்னால் நின்று குனிந்து எடுத்தவன் முன்னுக்கு வருவான்.

“இதுதான்டா முறைத் தண்ணி” என்பார் மாஸ்டர். தலைவாய்க்காலில் வயல் உள்ளவன் மடையை அடைக்காமல் வைத்திருந்தால் கடைசி வயற்காரன் காய்ந்து போவான். சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைந்தால், முழு வயலையும் விதைக்காமல் ஒரு பகுதியை மட்டும் விதைத்து எல்லாரும் பங்குபோட்டுக்கொள்வது எமது பெரியவர்களின் வழக்கம். அந்த வழக்கத்தையே அவர் வலையின் இரு பக்கமும் எமக்குப் பழக்கினார். உயரமான பையன் ஒருவன் பின்வரிசைக்குப் போக மறுத்தபோது, மாஸ்டர் ஏசவில்லை. பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “முறைக்கு வராதவனுக்குத் தண்ணி இல்லை” என்றார். அவன் நகரும்வரை ஆட்டம் தொடங்கவில்லை.

அந்நாள் விதிப்படி சேர்விஸ் போடும் அணிக்கே புள்ளி கிடைக்கும். 1999 அளவில் அந்த விதி மாறிவிட்டது. நாம் விளையாடிய காலத்திலோ, எவ்வளவு பாடுபட்டு எதிரியின் பந்தைத் திருப்பியடித்தாலும் முதலில் சேர்விஸ்தான் கிடைக்கும், புள்ளி கிடைக்காது. புள்ளி கூடாமலே நெடுநேரம் நின்று பிடிக்க வேண்டும். அந்தப் பொறுமை பின்னர் எமக்கு வேறிடத்தில் தேவைப்பட்டது.

மடுவில் நடந்த வகுப்பு

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. வயல்களை விட்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டு, கையில் அகப்பட்டவற்றோடு மடுவுக்குப் போனோம். சிலர் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார்கள். மடுவில் தறப்பாள் கொட்டில்கள் காட்டுக்குள் நீண்டன. நிவாரண வரிசையில் நிற்பதே எம்மைப் போன்ற பையன்களின் வேலையாயிற்று.

இரண்டு கிழமைக்குள் மாஸ்டர் பாலைமர நிழலில் வகுப்பைத் தொடங்கிவிட்டார். புத்தகம் இல்லை. அவர் எமக்குத் தந்த வேலை இதுதான்: ஒவ்வொரு கொட்டிலுக்கும் போய் வயதானவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வர வேண்டும். உங்கள் வயலை முதலில் வெட்டித் திருத்தியவர் யார்? உங்கள் ஊர் வயல், வாய்க்கால், துரவு, ஒழுங்கை ஆகியவற்றின் பெயர்கள் எவை? குளக்கட்டு எப்போது உடைந்தது, அதை அடைத்தது யார்?

நாம் போனோம். ‘57ஆம் ஆண்டு வெள்ளம்’ என்று தொடங்கினார்கள் பெரியவர்கள். 1957 டிசெம்பரில் வந்த பெருவெள்ளத்தில் மண் மூடைகளைத் தலையில் சுமந்த கதையைச் சொன்னார்கள். 1964 டிசெம்பரில் அடித்த புயலில் கூரை பறந்ததையும், அடுத்த நாள் எந்த வீட்டில் கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினார்கள் என்பதையும் சொன்னார்கள். முகாமுக்கு வந்த நாள் தொட்டு வாய் திறவாதிருந்த ஒரு மூதாட்டி, தமது வயலைச் சுற்றியிருந்த மரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நாம் எழுதி முடிக்கும்வரை எம்மைப் போக விடவில்லை. நிவாரண அட்டையில் அவர் ஓர் இலக்கம். எமது கொப்பியில் அவர் காணிக்காரி.

மாஸ்டர் அடிக்கடி சொன்ன கதை ஒன்றுண்டு. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞன் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டான். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்நாட்டில் சிறையிருந்தான். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தான். 1679இல் தோழன் ஒருவனுடன் எமது அருவி ஆற்றோரமாகக் காட்டுவழியே நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினான். 1681இல் அவன் எழுதிய நூல் இலண்டனில் வெளிவந்தது. உழுவது, விதைப்பது, தண்ணீர் கட்டுவது, அரிவி வெட்டுவது எல்லாம் அதில் உண்டு.

“அவன் தடுத்து வைக்கப்பட்டவன், அந்நியன். அவன் எழுதினபடியால் முந்நூறு வருசத்துக்கு முந்தின கமம் இண்டைக்கும் தெரியுது. கமம் செய்த எங்கட ஆக்கள் எழுதேல்லை. நீங்கள் எழுதுங்கோ” என்பார்.

மாலையில் மீன்பிடி வலைத்துண்டு ஒன்றை இரண்டு வீரைக் கம்பங்களில் கட்டி, சாம்பலால் கோடு போட்டு, எமக்குப் பயிற்சி தந்தார். சோற்றுக்கு வழியில்லாத இடத்தில் விளையாட்டு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். வரிசையில் அடிபட்டுக்கொண்டிருந்த பையன்கள் மூன்று மாதத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துபவர்களாக மாறியதைக் கண்ட பின்னர் அக்கேள்வி எழவில்லை.

அழிக்கப்படாத பெயர்கள்

மாஸ்டரை எல்லாரும் எப்போதும் விரும்பினார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். அவர் எமது மக்கள் விரும்பாத இரண்டு விடயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

முதலாவது, 1990 ஒக்டோபரில் நடந்தது. வட மாகாணத்து முஸ்லிம் மக்கள், ஏறக்குறைய 75,000 பேர், விடுதலைப் புலிகளால் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். எமது அணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் அயற்கிராமத்து முஸ்லிம் மாணவன். அவனுடைய குடும்பமும் புத்தளத்துக்குப் போயிற்று. மாஸ்டர் அவனுடைய இடத்துக்கு வேறொருவரை விட்டார். ஆனால் அணிப் பட்டியலிலிருந்து அவன் பெயரை வெட்டவில்லை. “ஊரில் இல்லை” என்று மாத்திரம் பக்கத்தில் எழுதினார். அதை வெட்டும்படி சிலர் சொன்னபோதும் அவர் வெட்டவில்லை. “எங்களை ஊரைவிட்டு எழுப்பினது பிழையெண்டால் இதுவும் பிழை” என்பதே அவர் பதில்.

அந்த மாணவன் அடக்கத்துக்கு வந்திருந்தார். தாடி நரைத்துவிட்டது. பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

இரண்டாவது, மலையகத்திலிருந்து வந்தவர்கள் பற்றியது. 1958, 1977, 1983 கலவரங்களின் பின்னர் பல குடும்பங்கள் எமது பகுதிகளுக்கு வந்து காடு வெட்டினார்கள். எமது வயல்களில் கூலிக்கு நின்றார்கள். காணியில்லாமலும் பத்திரமில்லாமலும் இருந்த அவர்களை ஊர்ப் பட்டியலில் சேர்க்க நாம் மறந்துபோனோம். ‘வந்த சனம்’ என்று பேசினோம். மடுவில் நாம் எழுதிய முதற் கொப்பியில் அவர்கள் பெயர் இல்லாததைக் கண்ட மாஸ்டர், அக்கொப்பியை எம்மிடமே திருப்பித் தந்தார். “வேலை செய்தவனை விட்டுட்டு வயலின்ர கதையை எழுதேலாது” என்றார். திரும்பவும் போனோம். அன்று வெட்கப்பட்டோம். இன்றும் எமது கமக்காரர் கூட்டங்களில் அதே மறதியைக் காணும்போது வெட்கப்படுகிறோம்.

கொப்பிகள் செய்த வேலை

மாஸ்டர் இறந்தபின் குடும்பத்தார் ஒரு தகரப் பெட்டியை எம்மிடம் ஒப்படைத்தார்கள். உள்ளே பதினெட்டுக் கொப்பிகள். பாதி மடுவில் நாம் எழுதியவை. மீதி அவருடைய கரப்பந்தாட்ட அணிப் பட்டியல்கள். ஒவ்வொரு பையனின் பெயருக்கு எதிரேயும் தகப்பன் பெயர், ஊர், எந்தக் குளத்தின்கீழ் எத்தனை ஏக்கர் வயல், எப்போது அரிவி வெட்டு என்று குறித்திருக்கிறார். காரணம் எளிது. அரிவி வெட்டு நாளில் எந்தப் பையனையும் பயிற்சிக்கு அழைக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த விதி.

2009இல் போர் முடிந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பிய குடும்பங்களில் எத்தனையோ பேரிடம் உறுதியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. ஓடிய வழியில் நனைந்தும் எரிந்தும் போய்விட்டன. எம்முடன் படித்த ஒருவர் தகப்பனாரின் பெர்மிட் காணியைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அத்தாட்சி கேட்டார்கள். மாஸ்டரிடம் வந்தார். 1989ஆம் ஆண்டு அணிப் பட்டியலில் அவருடைய தகப்பன் பெயரும் குளமும் மூன்று ஏக்கரும் இருந்தன. கரப்பந்தாட்டக் கொப்பி உறுதியாகாது. ஆனால் அதே பக்கத்தில் அயல் வயற்காரரின் மக்கள் இருவரின் பெயரும் இருந்தது. அவர்களைத் தேடிப் பிடித்துச் சத்தியக்கடதாசி பெற்றார்கள். அதைக் கொண்டு பழைய பதிவேட்டைத் தேட வைத்தார்கள். மூன்று வருடம் சென்றது. காணி கிடைத்தது.

எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை என்பதை நாம் அறிவோம். 2007இல் முள்ளிக்குளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் பல ஆண்டுகள் காத்திருந்து போராடிய பின்னரே, 2017 ஏப்ரலில் நூறு ஏக்கரை விடக் கடற்படை இணங்கியது. கேப்பாப்புலவு மக்கள் 2017இல் வெயிலிலும் மழையிலும் வீதியோரம் இருந்தார்கள். இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் தாமே வள்ளமேறித் தம் தீவுக்குப் போனார்கள். ‘இது எமது கிணறு, இது எமது கோயில், இது எமது சேமக்காலை’ என்று காட்டக்கூடிய பெரியவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். அது அவர்களுக்குப் பலமாயிற்று.

சட்டமும் காலத்தை எண்ணிக்கொண்டிருக்கின்றது. தனியார் காணியொன்றைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோர 1871ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கின்றது. போரினால் வழக்கிட முடியாமற் போனவர்களுக்காக 2016இல் விசேட சட்டமொன்று நிறைவேற்றப்பட்டது. அதன்கீழ் வழக்கிடத் தரப்பட்ட அவகாசம் இரண்டு ஆண்டுகளே. அது வந்ததும் போனதும் எம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

நாம் செய்யக்கூடியது

1990இல் முப்பது வயதாயிருந்தவர் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். அன்று ஐம்பது வயதாயிருந்தவர்களில் அநேகர் மறைந்துவிட்டார்கள். முகாமில் பிறந்த பிள்ளைக்குத் தன் ஊர் வாய்க்காலின் பெயர் தெரியாது. இன்னும் பத்து ஆண்டில் சொல்லித்தரவும் ஆளிராது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களை இழந்தோம் என்று இன்றும் துக்கப்படுகிறோம். எமது சொந்தக் கொட்டில்களில் ஒவ்வொரு மாதமும் ஒரு பெரியவரோடு ஒரு ஊர்க் கதையும் போய்க்கொண்டிருக்கின்றது. அதனைத் தடுக்க நாம் ஒரு கொப்பிகூட வாங்கவில்லை.

எனவே எமது கருத்து இது. மாஸ்டருக்குச் சிலை வேண்டாம். சுற்றுப்போட்டி நடத்துவோம்; அவர் அதனை விரும்பியிருப்பார். ஆனால் பங்குபற்றும் அணிகளிடம் நுழைவுக் கட்டணமாகப் பணம் வாங்க வேண்டாம். ஒவ்வோர் அணியும் தன் ஊரைப் பற்றிய ஒரு கொப்பியைக் கொண்டுவரட்டும். கொப்பி இல்லாத அணி களமிறங்கக் கூடாது.

அக்கொப்பியில் இவை இருந்தால் போதும். முதன்முதல் இடம்பெயர்ந்த நாளில் ஊரில் இருந்த குடும்பங்களின் பட்டியல். காணி உள்ளவர்கள், குத்தகைக்குச் செய்தவர்கள், கூலிக்கு நின்றவர்கள், பின்னர் வெளியேற்றப்பட்ட அயலவர்கள் யாவரும் அதில் வர வேண்டும். குளம், துலுசு, வாய்க்கால், வயல், கிணறு, ஒழுங்கை, கோயில், பள்ளிவாசல், மயானம் ஆகியவற்றைக் காட்டும் கையால் வரைந்த படம். எந்தத் திகதியில் எவ்வழியாக எங்கே போனோம், வழியில் யாரை இழந்தோம் என்ற விபரம். எழுதத் தெரியாத பெரியவர் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். சொன்னவரின் பெயரையும் திகதியையும் கீழே குறிக்கட்டும். ஒருவர் சொல்வதற்கு மாறாக இன்னொருவர் சொன்னால் இரண்டையும் எழுதட்டும்.

உறுதி இலக்கம், பெர்மிட் இலக்கம் போன்றவற்றை இந்தப் பொதுக் கொப்பியில் எழுத வேண்டாம். அவற்றைப் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை நம்பிக்கையான வேறிடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்து ஓடியதன் பலனை நாம் ஏற்கெனவே அனுபவித்துவிட்டோம்.

இதற்குத் திட்டமும் வேண்டாம், வெளிநாட்டு உதவியும் வேண்டாம். நாற்பது தாள் கொப்பி ஒன்று, ஒரு பேனை, ஒரு பந்து, இரண்டு கம்பம் வேண்டும். சவுக்கு இல்லாமல் சனம் சேர்ந்து வேலை செய்யுமா என்று 1989இல் மாஸ்டர் எம்மிடம் கேட்டார். இக்கேள்விக்கு நாம் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

காலபோக அரிவி வெட்டு முடிந்ததும் சுற்றுப்போட்டியை வைத்துக்கொள்ளலாம். வெட்டு நடக்கும் நாளில் வைக்க வேண்டாம். மாஸ்டர் அதற்கு ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டார். அதுவரை சில மாதங்கள் இருக்கின்றன. இன்றிரவே உங்கள் வீட்டிலுள்ள பெரியவரிடம் போய் இருங்கள். உங்கள் துலுசின் பெயர் என்ன என்று கேளுங்கள். பிள்ளையின் கையில் பேனையைக் கொடுங்கள்.